தொடங்காதவர்களின் கணக்கு



குடியால் ஒருவரை இழந்த வீட்டில் அந்த இழப்பைப் பற்றிப் பேசமாட்டார்கள். நெஞ்சுவலி என்றோ மஞ்சள்காமாலை என்றோ சொல்லி முடித்துவிடுவார்கள். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தார் அப்படி மறைக்கவில்லை. இழந்தவரின் பெயரால் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும், அது போதைத் தடுப்பைப் பற்றியே இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. சிகிச்சை என்று எழுதாமல் தடுப்பு என்று எழுதியதற்காகத் தனியாகவும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

ஏனென்றால், இந்தத் துறையில் படிப்பதற்கு மிகக் கடினமானது தடுப்புதான். மருத்துவமனைக் கட்டிலில் இருக்கும் குடிநோயாளியை எண்ணிவிடலாம். சோதனைச் சாவடியில் பிடிபட்ட கஞ்சாவை எடைபோடலாம். ஆனால் பதினைந்து வயதில் குடிக்கத் தொடங்கியிருக்க வேண்டிய ஒரு பையன் தொடங்கவில்லை என்றால், அவனை எந்தப் பதிவேட்டில் தேடுவது? தான் தப்பியது அவனுக்கே தெரியாது. அந்தப் பையனைக் கணக்கில் கொண்டுவரும் வழி என்ன என்பதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

இதைச் சேலத்தில் நின்று பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோது, மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது இந்த மாவட்டத்தில்தான். அன்றைய சேலம் மாவட்டம் என்பது இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கும் சேர்ந்தது. பாட்டன் பூட்டன் கதையாக இது பலருக்கும் தெரியும். தெரியாத ஒரு பகுதி உண்டு. அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்துக்குப் பின்னால் பல ஆண்டு வேலை இருந்தது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தது. பெரியார் சிறைக்குப் போனபின் அவருடைய மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாவும் அதை முன்னின்று நடத்தினார்கள். 1925இல் ராஜாஜி திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிக் குடும்பத்தோடு அங்கேயே தங்கினார். கதரும் தீண்டாமை ஒழிப்பும் போல மதுவிலக்கும் அந்த ஆசிரமத்தின் அன்றாட வேலை. 1929இல் அங்கிருந்து ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்கென்றே ஓர் இதழ் வந்தது. கல்கி அதில் துணை நின்றார். ஆக 1937இல் ஆணை வந்தபோது, இந்த ஊர்களில் அதைப் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

கடையை மூடியதோடு அரசு நிற்கவில்லை. கள் இறக்கிப் பிழைத்தவர்கள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச ஏற்பாடு செய்யப்பட்டது. மாலையில் கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்காக விளையாட்டு, பஜனை, தேநீர்க் கடை என்று பலவும் முயன்று பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் பி.ஜே. தாமஸ் மதுவிலக்கின் பொருளாதார விளைவுகளை இந்த மாவட்டத்தில் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். குடும்பத்தின் வரவுசெலவை அவர் பார்த்தார். சாப்பாட்டுக்கு எவ்வளவு, துணிக்கு எவ்வளவு, கடன் ஏறியதா இறங்கியதா என்று பார்த்தார். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கும் முன்னால், ஒரு தடுப்பு நடவடிக்கையும் அதைப் பற்றிய ஆய்வும் ஒரே மாவட்டத்தில் ஒரே காலத்தில் நடந்திருக்கின்றன. உலகின் எந்தப் பல்கலைக்கழகமும் தன் பாடத்திட்டத்தில் வைத்துக்கொள்ளத் தகுந்த செய்தி இது. நம் சமூகப்பணித் துறைகளின் பாடத்தில் இது ஒரு வரியாகவாவது இருக்க வேண்டும்.

அந்தத் தொடர்ச்சி நீடிக்கவில்லை. போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டது. 1948இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் தளர்த்தப்பட்டது. 1974இல் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் உருவானது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்துவிட்டது. 2023-24இல் அந்த வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். இவ்வளவு கை மாறியும், ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் பின்னும் குடும்பங்களின் கணக்கைப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேர்விடவில்லை. 2016இல் 500 கடைகள் மூடப்பட்டன. 2017இல் மேலும் 500. 2023 ஜூனில் இன்னுமொரு 500. ஆய்வுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. கடை மூடிய தெரு ஒன்று, மூடாத தெரு ஒன்று, இரண்டிலும் ஒரே மாதிரி வீடுகள். அங்கே ஆறு மாதம் முன்பே போய்க் கணக்கெடுக்கத் தொடங்கியிருக்க வேண்டியவர்கள் நாம். அரசு அறிவித்த பிறகு போனால் ‘முன்பு எப்படி இருந்தது’ என்ற கேள்விக்கு ஞாபகத்திலிருந்துதான் பதில் வரும். ஞாபகம் எப்போதும் நடப்பு நிலவரத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

இனி அளப்பதைப் பற்றிப் பேசலாம்.

உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய பத்துக் கேள்விப் படிவம் ஒன்று உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. குடி எந்த அளவில் ஆபத்தாகிறது என்று அதை வைத்து மதிப்பிடுகிறார்கள். நல்ல கருவி. அதில் அளவு பற்றிய கேள்விகள் ‘ஒரு வழக்கமான குடியளவு’ என்ற கணக்கில் வரும். அதாவது சுமார் 10 கிராம் ஆல்கஹால். நம் ஊரில் யாரும் அந்தக் கணக்கில் குடிப்பதில்லை. கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல் என்பதுதான் நம் அளவை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி. புட்டியில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். பெருக்கிப் பார்த்தால் சுமார் 60 கிராம் ஆல்கஹால். படிவத்தின் கணக்கில் அது ஆறு குடியளவு. ஒரே அமர்வில் 60 கிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வகுத்திருக்கும் எல்லை. ‘நான் அளவாக ஒரே ஒரு குவார்ட்டர்தான்’ என்று நம்மிடம் சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அந்த ஒன்றிலேயே அவர் எல்லையைத் தொட்டுவிடுகிறார் என்பதுதான் அவருக்கும் தெரியாதது, கேட்கப்போன மாணவருக்கும் தெரியாதது. படிவத்தை மொழிபெயர்த்துக் கையில் கொடுத்து அனுப்பினால் மாணவர் ‘ஒன்று’ என்று குறித்துக்கொண்டு வந்துவிடுவார். அந்த ஊரே ஆரோக்கியமான ஊர் என்று அறிக்கை வந்துவிடும்.

அடுத்தது, யாரைக் கேட்பது என்பது. ஆண்களைக் கேட்டால் ‘எப்பவாவது’ என்ற ஒரே பதில்தான் வரும். சனிக்கிழமை கூலி எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்று மனைவியைக் கேட்டால் நடப்பது தெரியும். மளிகைக்கடைக் கடன் நோட்டு பேசும். சுயஉதவிக் குழுவின் சேமிப்பு நோட்டு இன்னும் தெளிவாகப் பேசும். எந்த வீட்டில் எந்த வாரம் சேமிப்பு தடைப்பட்டது என்பது அதில் தேதியோடு இருக்கும். பள்ளிப் பிள்ளைகளைக் கேட்கத் தெரிந்தவர் கேட்டால் எல்லாமே வந்துவிடும். ஆனால் பிள்ளைகளைக் கேட்பதில் ஒரு கண்டிப்பு வேண்டும். பெயர் கூடாது, வகுப்பாசிரியர் அறையில் இருக்கக் கூடாது, படிவம் தலைமையாசிரியர் கைக்குப் போகக் கூடாது. ‘உங்க அப்பா குடிப்பாரா’ என்று நாற்பது பேர் நடுவில் ஒரு குழந்தையை எழுப்பிக் கேட்கும் கணக்கெடுப்பு, ஆய்வு என்ற பெயரில் நடக்கும் வன்முறை.

கேட்க வேண்டிய இன்னொன்று உண்டு. முதல் குடி எங்கே நடந்தது? குடியை விட்டவர்களோடு உட்கார்ந்து பேசும்போதெல்லாம் இதை நான் கேட்பேன். பதில்கள் திரும்பத் திரும்பச் சில இடங்களில் வந்து நிற்கும். சாவு வீடு. தீபாவளி. நண்பன் கல்யாணத்துக்கு முந்தின இரவு. தேர்தல் நேரம். முதல் சம்பளம். தனியாகக் கடைக்குப் போய் வாங்கிக் குடித்துத் தொடங்கியவர் என்று யாரையும் எனக்கு நினைவில்லை. பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பல நேரம் பெரியவர் ஒருவர் கையாலேயே, முதல் டம்ளர் நீட்டப்பட்டிருக்கிறது. தடுப்பு வேலை கல்லூரி வாசலில் துண்டறிக்கை கொடுப்பதாக இருந்தால் இந்த இடங்கள் எதுவும் அதன் கண்ணில் படாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி ‘இனி நம் ஊர்ச் சாவு வீட்டில் சரக்கு வாங்கிக் கொடுப்பதில்லை’ என்று முடிவெடுத்தால், அது ஒரு தடுப்பு நடவடிக்கை. அதை அளக்கவும் முடியும்.

நம் மண்ணிலேயே ஆண்டுதோறும் நடக்கும் ஒரு பெரிய தடுப்பு முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கார்த்திகை பிறந்ததும் லட்சக்கணக்கான ஆண்கள் மாலை போடுகிறார்கள். 41 நாளோ 48 நாளோ குடிப்பதில்லை. எந்த மருத்துவரும் மருந்து எழுதித் தரவில்லை. அவரை மனைவியும் ‘சாமி’ என்கிறாள், பிள்ளையும் ‘சாமி’ என்கிறது. கூட்டாளிகள் அவர் எதிரில் புட்டியைத் திறக்க மாட்டார்கள். விடியற்காலையில் குளியல், மாலையில் பூஜை, இரவில் பஜனை என்று குடிக்கு இருந்த நேரமெல்லாம் வேறொன்றால் நிரம்பிவிடுகிறது. குடிக்காதே என்று சொல்வதோடு நிற்காமல், குடிக்காதவருக்கு ஊர் மரியாதை கொடுக்கிறது, வேலை கொடுக்கிறது, துணை கொடுக்கிறது. மாலையைக் கழற்றிய அன்று இந்த மூன்றும் சேர்ந்தே கழன்றுவிடுகின்றன. பலர் அன்றைக்கே கடைக்குப் போய்விடுகிறார்கள். 49ஆம் நாள் என்ன நடந்தால் அவர் போகாமல் இருப்பார்? முனைவர் பட்ட ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு இதை மனமார்ந்து தருகிறேன். குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்களுக்கும் இதே கேள்விதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீண்ட நாள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ‘சாமி குத்தம்’ என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மருத்துவமனை என்றதும் சென்னையில் இயங்கும் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தபின் 1980இல் அதைத் தொடங்கினார். குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்று தமிழ்நாட்டில் பலர் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அவர்கள் வழியாகத்தான். எனக்கு அவர்கள் செய்ததில் மிக முக்கியமாகப் படுவது, நோயாளியைச் சென்னைக்கு வரச் சொல்லாமல் அவர்கள் மஞ்சக்குடிக்குப் போனது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில், இன்றைய திருவாரூர்ப் பக்கத்தில் உள்ள கிராமம் அது. ஊரிலேயே முகாம் போட்டு, ஏறக்குறைய இரு வாரம் அங்கேயே சிகிச்சையும் ஆலோசனையும் கொடுத்தார்கள். குடும்பத்தாரும் உடனிருந்தார்கள். அந்த அனுபவம் 1994இல் ‘அடிக்‌ஷன்’ என்ற ஆய்விதழில் கட்டுரையாக வந்தது.

கிராமத்தில் முகாம் என்றால் செலவு குறையும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நோயாளியை அடையாளம் காட்டியது ஊர். இடம் கொடுத்தது ஊர். முகாம் முடிந்து அவர் வீடு திரும்பும்போது அவர் எங்கே போய்விட்டு வந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். மறைக்க ஒன்றும் இல்லாததால் கேலிக்கும் இடம் குறைகிறது. ஒருவர் விட்டுவிட்டு நிமிர்ந்து நடப்பதைப் பத்து இளைஞர்கள் பார்க்கிறார்கள். சிகிச்சையாகத் தொடங்கியது அந்த இடத்தில் தடுப்பாக மாறிவிடுகிறது. எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சையோ உதவியோ கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். இந்த இடைவெளியைக் கட்டில்கள் போட்டு அடைக்க முடியாது.

அடைக்க வேறு வழி உண்டு என்று கோவா காட்டியது. அங்கே சங்கத் என்ற அமைப்பினர் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநல மருத்துவர் அல்லாத சாதாரண மனிதர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தீங்கான அளவில் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசவைத்தார்கள். 377 ஆண்கள். குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்தான அளவிலிருந்து வெளியே வந்திருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் அது 26 சதவீதம். 2017இல் ‘லான்செட்’ இதழில் இது வெளிவந்தது. பத்துப் புள்ளி வித்தியாசம் சிறியதுபோலத் தெரியும். ஆனால் இது வெறும் பேச்சால், பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் பேச்சால் கிடைத்தது.

இப்போது தொடங்காதவர்களிடம் வருகிறேன்.

1998இல் ஐஸ்லாந்தில் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த ஒரு மாதத்தில் போதையேறக் குடித்ததாகச் சொன்னார்கள். தினம் புகைப்பவர்கள் 23 சதவீதம். கஞ்சாவை ஒருமுறையாவது தொட்டவர்கள் 17 சதவீதம். 2016இல் இந்த மூன்றும் முறையே 5, 3, 7 ஆகிவிட்டன. அந்த நாட்டில் என்ன செய்தார்கள் என்பதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இருபது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மது விற்கத் தடை, விளம்பரத் தடை, 13 முதல் 16 வயதுவரை உள்ள பிள்ளைகள் குளிர்காலத்தில் இரவு பத்துக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது என்ற சட்டம், விளையாட்டுக்கும் இசைக்கும் கட்டணம் கட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் நகராட்சி கொடுத்த உதவித்தொகை, பள்ளிதோறும் பெற்றோர் சங்கம். நான் உங்கள் கவனத்தைத் திருப்ப விரும்புவது ஆய்வை அவர்கள் நடத்திய விதத்தின் பக்கம். பள்ளிப் பிள்ளைகளிடம் ஆண்டுதோறும் கணக்கெடுத்தார்கள். எடுத்த கணக்கை ஆய்விதழில் வரும்வரை பூட்டிவைக்கவில்லை. ஓரிரு மாதங்களில் அந்தந்தப் பகுதிக்கு, அந்தந்தப் பள்ளிக்கு, அங்குள்ள பெற்றோருக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். ‘நாட்டில் இப்படி’ என்ற செய்தியைப் படித்தால் பெற்றோர் தலையசைத்துவிட்டுப் போவார்கள். ‘நம் பள்ளியில், நம் பிள்ளைகளில் இத்தனை பேர்’ என்று காகிதம் வந்தால் அன்று மாலையே கூட்டம் கூடும்.

அந்தக் கணக்கெடுப்பு குடியை மட்டும் கேட்கவில்லை. பிள்ளைகள் யாரோடு, எங்கே, எப்படி நேரத்தைக் கழிக்கிறார்கள் என்றும் கேட்டது. 1997க்கும் 2012க்கும் இடையில், வார நாட்களில் பெரும்பாலும் பெற்றோரோடு நேரம் கழிப்பதாகச் சொன்ன பிள்ளைகள் 23 சதவீதத்திலிருந்து 46 சதவீதமானார்கள். வாரத்தில் நான்கு முறையாவது ஒழுங்கான விளையாட்டுப் பயிற்சிக்குப் போகிறவர்கள் 24இலிருந்து 42 ஆனார்கள். நம் பள்ளிகளின் உடற்கல்வி வகுப்பு யாருக்குப் போகிறது என்று இந்த அவையில் இருக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அந்த வகுப்பைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்வார். மைதானத்தில் கட்டடம் வந்துவிட்டது. மாலை ஐந்திலிருந்து எட்டுவரை நம் பையன்கள் எங்கே இருக்கிறார்கள் என்று ஒரு ஊரிலாவது யாராவது குறித்துவைத்திருக்கிறோமா? பெட்டிக்கடையில் ‘கூல் லிப்’ புகையிலை வாங்குவதும், வலி மாத்திரையைப் போதைக்காகத் தேடுவதும் அந்த மூன்று மணி நேரத்தில் நடப்பவைதான்.

ஐஸ்லாந்தை அப்படியே எடுத்து இங்கே ஒட்டவைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாடு அது. அதே காலத்தில் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இளைஞர் குடி குறைந்தது. அதனால் முழுப் புகழையும் அந்த ஒரு திட்டத்துக்குக் கொடுக்க முடியாது. இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் வகையில் ஆய்வை அமைத்தவர்கள் அமெரிக்காவில் ஹாக்கின்ஸ், கேட்டலானோ என்ற இருவர். ஏழு மாநிலங்களில் 24 சிற்றூர்களை எடுத்து, ஒன்றுக்கொன்று ஒத்த ஊர்களாக இணைசேர்த்து, ஒவ்வோர் இணையிலும் எந்த ஊருக்குத் திட்டம் என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். திட்டம் என்பது மேலிருந்து வந்த ஒன்றல்ல. ஊர்க்காரர்களே குழு அமைத்து, தங்கள் பிள்ளைகளின் கணக்கைப் படித்து, தங்களுக்கு எது தேவை என்று தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தாம் வகுப்பில் தொடங்கி அதே பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். எட்டாம் வகுப்பு முடிவதற்குள், திட்டம் நடந்த ஊர்ப் பிள்ளைகள் குடிக்கத் தொடங்குவதற்கான வாய்ப்பு மற்ற ஊர்களைவிட 32 சதவீதம் குறைந்திருந்தது. புகைப்பதில் 33 சதவீதம். தொடங்காத பையனை எண்ண வழி என்ன என்று தொடக்கத்தில் கேட்டேன் அல்லவா? இதுதான் வழி. அவனைத் தனியே அடையாளம் காட்ட முடியாது. ஒத்த ஊர் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, ஆண்டுகள் பொறுத்திருந்தால், அவன் கணக்கில் வந்துவிடுவான்.

அதே நாட்டில் நேர்மாறான அனுபவமும் உண்டு. 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸில், காவலர்கள் வகுப்பறைக்குப் போய்ப் பாடம் நடத்தும் ஒரு திட்டம் தொடங்கியது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. நாடெங்கும் பரவியது. பத்து ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் பார்த்த ஆய்வு 1999இல் வந்தது. பாடம் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. நம் ஊரில் போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் பேரணி, உறுதிமொழி, ஓவியப் போட்டி. மைய அரசின் ‘நஷா முக்த் பாரத்’ 2020 ஆகஸ்டில் 272 மாவட்டங்களில் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2022இல் மாணவர்கள் லட்சக்கணக்கில் உறுதிமொழி எடுத்தார்கள். இவற்றை நடத்தும் ஆசிரியர்களின் அக்கறையை நான் மதிக்கிறேன். அந்த அக்கறைக்கு நாம் செய்யும் மரியாதை, அது பலித்ததா என்று மூன்றாம் ஆண்டில் போய்ப் பார்ப்பதுதான். அறிக்கையில் ‘பங்கேற்றோர் எண்ணிக்கை’ என்ற கட்டத்தை நிரப்பியதோடு வேலை முடிவதில்லை.

கணக்கு ஊர்க்காரர் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஐஸ்லாந்து வரை போக வேண்டியதில்லை. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் அறிவொளி வகுப்புகள் நடந்தன. அங்கே படித்த பாடத்தில் குடியால் சீரழிந்த ஒரு குடும்பத்தின் கதை இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள் அதைத் தங்கள் ஊர்க் கதையாகப் பேசத் தொடங்கினார்கள். சாராயத்துக்கு வீடுதோறும் எவ்வளவு போகிறது என்று கணக்குப் போட்டார்கள். 1992இல் தூபகுண்ட கிராமத்தில் ரோசம்மாவும் மற்றப் பெண்களும் சாராயக் கடையை மூடவைத்தார்கள். அது மாவட்டம் முழுக்கப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திரம் முழுக்கச் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது போய்விட்டது. சேலத்தில் நடந்ததேதான் அங்கும் நடந்தது. சட்டம் ஒரு ஊருக்குச் சில ஆண்டு அவகாசம் வாங்கித் தரும். அந்த அவகாசத்துக்குள் மாலை நேரத்தையும், சாவு வீட்டு வழக்கத்தையும், கூலி வரும் வழியையும் ஊர் மாற்றிக்கொள்ளாவிட்டால் கடை திரும்பி வரும், அல்லது பாக்கெட் சாராயம் வரும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டவர்களை நாம் இழந்தோம். எந்தத் தெருவில் யார் பாக்கெட் சாராயம் குடிக்கிறார்கள் என்பது பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அவர்களைக் கேட்டு, கேட்டதை உரிய காலத்தில் உரியவர் கையில் சேர்க்கும் அமைப்புதான் நம்மிடம் இல்லாமல் போனது.

அதனால் இந்தச் சமூகப்பணித் துறையிடமும் இந்த மாவட்டத்திடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அதற்கு வேண்டிய ஆட்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியான தருமபுரியில்தான் 1989இல் தமிழ்நாட்டின் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் தொடங்கியது. இன்னொரு பகுதியான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளியில், 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. அதன் பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மாத்திரை கொடுக்கும் கைக்குக் கதவு திறக்கும். அந்தப் பெண்ணுக்கு வீட்டு நிலவரம் தெரியும், அவர் மேல் நம்பிக்கையும் உண்டு. கோவாவில் நான்கு முறை பேசியவர்களைவிட அவர் எந்த விதத்திலும் குறைந்தவர் அல்லர். குவார்ட்டர் கணக்கில் கேட்கும் இரண்டு மூன்று கேள்விகளையும், பேசுவதற்கான பயிற்சியையும் அவருக்குக் கொடுப்போம். அந்த வேலைக்கென்று தனியாக ஊதியமும் கொடுக்க வேண்டும். பெண்களின் பொறுமையை இலவசமாக வாங்கிக்கொள்ளும் திட்டங்கள் நமக்குப் போதும்.

இருபது ஊராட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம், கூலி, பள்ளி, கடையின் தூரம் ஆகியவற்றில் ஒத்த ஊர்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, எதில் முதலில் வேலை தொடங்குவது என்று ஊர்க்காரர் முன்னிலையில் குலுக்கிப் போடுங்கள். மற்ற பத்து ஊர்களுக்கு ஐந்து ஆண்டு கழித்து அதே வேலை வரும் என்று எழுதிக் கொடுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து பெயரில்லாப் படிவம் வாங்குங்கள். அதே வகுப்பைப் பத்தாம் வகுப்புவரை தொடருங்கள். கிடைத்த கணக்கை எட்டு வாரத்துக்குள் ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபைக்குத் தயாராகாவிட்டால் அக்டோபர் 2 கிராம சபையில் வாசியுங்கள். தமிழில், ஒரு பக்கத்துக்கு மிகாமல், சதவீதம் போடாமல் ‘பத்துப் பிள்ளைகளில் இத்தனை பேர்’ என்று எழுதி வாசியுங்கள். எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த வீடு என்று விரல் நீட்ட வழியில்லாதபடி அந்தப் பக்கத்தை எழுதுவது உங்கள் பொறுப்பு. வாசித்து முடித்தபின் என்ன செய்யலாம் என்று ஊர் பேசட்டும். மைதானத்தை மீட்பதா, சாவு வீட்டு வழக்கத்தை நிறுத்துவதா, பெட்டிக்கடைக்காரரோடு பேசுவதா என்பது அவர்கள் முடிவு. அவர்கள் எதைத் தேர்ந்தார்கள் என்று நீங்கள் குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு மறுபடி போங்கள்.

இதற்கு மானியம் வருமா என்று ஆசிரியர்கள் கேட்பீர்கள். முதல் ஆண்டுக்குப் பெரிய தொகை வேண்டியதில்லை. முதுகலை மாணவர்களுக்குக் களப்பணி ஏற்கனவே கட்டாயம். இன்று அவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போய், ஆளுக்கொரு அறிக்கை எழுதி, தேர்வு முடிந்ததும் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அந்த நாட்களை ஒரே படிவத்தின் கீழ், ஒரே இருபது ஊர்களில் செலவிடச் சொல்லலாம். ஒரு தொகுதி மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்த தொகுதி தொடரலாம். முதல் வரைவுப் படிவத்தை எழுதும் வேலையில் நானும் உட்காரத் தயார். வரும் கல்வியாண்டின் களப்பணிப் பட்டியல் இறுதியாவதற்குள் தொடங்கினால், இந்த ஆறாம் வகுப்பைப் பிடித்துவிடலாம்.